மண்ணில்லா வீட்டில் மிளகாய்ச் செடி
(மந்தின் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)

இருட்டோடு எழுந்து, பால் வெட்டி, சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் களைப்பு ஆறுமுன்னரே இம்மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள்.

சில மாதங்களுக்கு முன் இப்பக்கத்துத் தோட்டமொன்றுக்கு நான் சென்றிருந்தபோது, ஓர் அம்மையார் கையில் ஒரு துண்டு விளம்பரத்துடன் என்னை அணுகினார். “ஐயா, தேங்காய் நார்த்தூளில் மண்ணே இல்லாமல் மிளகாய் காய்க்குமாம். ஐந்நூறு பைகள் வைத்தால் மாதம் தவறாமல் வருமானம் வருமாம். என் கணவரின் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. அதை இதில் போடலாமா?” என்று வினவினார். அவருடைய கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அப்பணம் அத்தனை ஆண்டுகளின் விடியற்காலை உழைப்பு. அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. இன்று உங்கள் முன் நான் பேசப்போவது அவருக்கு அன்று கூறிய விடையைத்தான், சற்று விரிவாக.

நானும் தோட்டத்தில் பிறந்தவன். என் தாயார் பால் வெட்டியவர். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சிறு கொல்லை இருந்தது. முருங்கை, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, மிளகாய், வேலியோரம் அவரைக் கொடி என ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அக்கொல்லையே பாதி வயிற்றை நிரப்பியது. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கு அஞ்சாமல் குழம்பு வைக்க முடிந்ததென்றால் அதற்கு அந்தக் கொல்லைதான் காரணம்.

இன்று அந்தக் கொல்லை எத்தனை பேருக்கு இருக்கிறது? நீலாய், செண்டாயான் பக்கங்களில் நாம் தோட்டங்களாகப் பார்த்த நிலங்கள் நகரங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தைவிட்டு வெளியேறியவர்களில் பலர் அடுக்குமாடி வீடுகளிலும், முன்னும் பின்னும் சிமெந்து பூசிய வரிசை வீடுகளிலும் குடியிருக்கின்றனர். தோட்டத்திலேயே தங்கியிருப்போருக்கும் பழைய நிலைமை இல்லை. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை வாசற்படிவரை வந்துவிட்டது. எஞ்சிய செம்மண் கல்லைப்போல் இறுகிக் கிடக்கிறது. அப்படியே கொத்திப் பயிரிட்டாலும், தக்காளியும் கத்தரியும் பூக்கும் தறுவாயில் பச்சையாகவே தலை சாய்ந்து வாடிச் சாகின்றன. மண்ணில் தங்கியிருக்கும் நுண்கிருமியால் வரும் வாடல் நோய் அது. ஒருமுறை வந்த மண்ணில் அது மீண்டும் மீண்டும் வரும். ஆகவேதான் மண்ணைவிட்டு விலகிப் பயிர் செய்யும் முறையை நமது நாட்டிலும் பலர் மேற்கொண்டுள்ளனர். செர்டாங்கில் தலைமையகத்தைக் கொண்ட, 1969-இல் அமைக்கப்பெற்ற, மலேசிய விவசாய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமாகிய மார்டியும் இம்முறையை விவசாயிகளிடையே பரப்பி வந்துள்ளது. மலாய் மொழியில் இதனைப் பெர்த்திகாசி என்பார்கள். உரத்தையும் நீரையும் ஒன்றாகக் கலந்து, சொட்டுச் சொட்டாகச் செடியின் அடியில் விடுவது என்பதே அதன் பொருள்.

மண் செடிக்கு என்ன தருகிறது? நிற்க ஓர் இடம், குடிக்க நீர், உண்ணச் சில உப்புகள், வேர் மூச்சுவிடச் சிறிது காற்று. இவற்றை நாமே கொடுத்துவிட்டால் மண் இல்லாமலும் செடி வளரும். அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெரிக்கி என்னும் அறிஞர் 1929-ஆம் ஆண்டு முதல் இதனை வெளியிட்டு வந்தார். 1937-இல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரும் ஏற்பட்டது. பசிபிக் மாகடலின் நடுவே, பயிர் செய்ய மண்ணற்ற வேக் தீவில் இறங்கிச் சென்ற விமானப் பயணிகளுக்கு 1930-களில் இவ்வாறு காய்கறி விளைவித்துக் கொடுத்தார்கள். இவை பணம் படைத்தோர் செய்த காரியங்கள்.

நமக்கு நெருக்கமான வரலாறு வங்காளத்தில் நடந்தது. 1943-இல் கொடிய பஞ்சத்தைக் கண்ட மாநிலம் அது. 1946-இல், டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்போங்கில், ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இந்த மண்ணில்லா முறையை ஏழை எளியோர் கையாளும் வண்ணம் எளிமைப்படுத்தும் சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த இயந்திரங்களை அவர் நாடவில்லை. அக்கம்பக்கத்தில் கிடைத்த கல்துகள், மணல், எளிய தொட்டி, அளந்து இடும் உப்பு ஆகியவற்றைக் கொண்டே காரியத்தைச் சாதித்தார். 1951-இல் ‘வங்காள முறை’ என்ற பெயரிலேயே நூலும் எழுதினார். கையில் கிடைப்பதைக் கொண்டு செய் என்ற அவருடைய வழிதான் நமக்கு உகந்தது என்பது என் கருத்து.

பால்மரத்துக்கும் இதில் தொடர்புண்டு என்று சொன்னால் வியப்படைவீர்கள். 1925-இல் தொடங்கப்பெற்று, 1998 முதல் மலேசிய இரப்பர் வாரியத்தின் பகுதியாகிவிட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், 1950-களில் போல்-ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் பால்மரக் கன்றுகளை வெறும் மணலில் நட்டு, உரநீரை மட்டும் ஊற்றி வளர்த்தார். ஒவ்வொரு சத்தையும் குறைத்து, இலையில் என்ன குறி தோன்றுகிறது என்று ஆராய்ந்தார். நீங்கள் நாள்தோறும் வெட்டும் மரத்துக்கு எந்த உரம் எதற்காக இடப்படுகிறது என்ற அறிவின் ஒரு பகுதி, இப்படி மண்ணில்லாமல் வளர்ந்த கன்றுகளிடமிருந்து பெற்றதாகும். கேரளத்தில் கோட்டயத்தை அடுத்துள்ள இந்திய இரப்பர் ஆராய்ச்சி நிலையமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மண் நிரப்பிய கனமான பைகளுக்குப் பதிலாக, பதப்படுத்திய தேங்காய் நார்த்தூள் நிரப்பிய சிறு குழல்களில் பால்மரக் கன்றுகளை வளர்க்கும் முறையைப் புகுத்தியது. கன்றுகளைத் தலையில் சுமந்து மேடேறியவர்களுக்கு அந்த எடைக் குறைவின் அருமை தெரியும்.

இனி நார்த்தூளைப் பற்றிக் கூறுகிறேன். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தெடுத்தபின் உதிர்ந்து விழும் பழுப்பு நிறத் துகளே அது. மட்டையில் நாரைவிட இத்துகளே மிகுதி. முன்பெல்லாம் இது கயிற்றுத் தொழிலின் கழிவு. தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் சென்றவர்கள் சாலையோரங்களில் குன்று குன்றாகக் கிடந்ததைக் கண்டிருப்பார்கள். எளிதில் மக்காது. மழையில் ஊறி அதன் சாயநீர் கிணற்றில் கலந்துவிட்டால் அதுவும் தொல்லை. இன்றோ அதே தூளை அழுத்திக் கட்டிகளாக்கிப் பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேற்றுகிறார்கள். ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் தக்காளியும் ரோஜாவும் அதில் வளர்கின்றன. நமது நாட்டில் பாகான் டத்தோ போன்ற தென்னை மிகுந்த பகுதிகளில் மட்டைக்குப் பஞ்சமில்லை. 5 கிலோ கட்டி ஒன்றை நீரில் போட்டால் அது பொங்கி 60 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை நிரப்பும். தன் எடையைப்போல் எட்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். செடிக்கு ஒரு பாத்திரமும் பஞ்சு மெத்தையும் ஒருங்கே கிடைத்தது போலாகும்.

ஆயினும் இதில் ஒரு பொல்லாப்பு ஒளிந்திருக்கிறது. அதை நான் என் சொந்த நட்டத்தால் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் 60 பைகளில் மிளகாய் நட்டேன். தூளை விற்றவர், “அப்படியே நிரப்பலாம், கழுவ வேண்டியதில்லை” என்றார். நான் நம்பினேன். இரண்டாம் வாரத்தில் இலை விளிம்புகள் தீயில் காட்டியவைபோல் கருகின. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் ஊற்றினேன். மூன்றாம் வாரத்தில் 60 செடிகளில் எழுந்து நின்றவை 11. என் மனைவி அந்தப் பைகளை ஒவ்வொன்றாக வாசலில் கவிழ்த்தபோது ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காரணம் உப்பு. தென்னை கடலோரம் வளரும் மரம். மட்டையில் இயல்பாகவே உப்பும் சாம்பல்சத்தும் மிகுதி. கடல்நீரிலோ உவர்நீரிலோ மட்டையை ஊறவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே தூளை நல்ல நீரில் ஊறவைத்து, பிழிந்து, வடித்து, மீண்டும் ஊறவைக்க வேண்டும். முதலில் வரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அது வெளிறும்வரை அலச வேண்டும். மூன்று முறைக்குக் குறையாமல் செய்யுங்கள். அதற்குப் பின்னும் ஒரு வேலை உண்டு. நார்த்தூளின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பும் சாம்பல்சத்தும் வெறும் நீருக்கு முழுவதும் இறங்கிவிடுவதில்லை. பின்னர் நீங்கள் உரநீர் ஊற்றும்போது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தைத் தூள் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள உப்பைச் செடிக்கு விட்டுவிடும். செடி சுண்ணாம்புச்சத்துக்கு ஏங்கும். காயின் நுனி கறுத்து அழுகும். இதைத் தவிர்க்க, அலசிய தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் வடித்து, நல்ல நீரில் இன்னொரு முறை அலசினால் போதும். தூள் முன்கூட்டியே தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும்.

நீரிலுள்ள உப்பை அளக்கச் சிறு பேனாவைப் போன்ற கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதனை ஈசி மீட்டர் என்பார்கள். அது இல்லாதவர்களும் கலங்க வேண்டியதில்லை. அலசிய தூளில் ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பச்சைப் பயறோ கங்குங் விதையோ தூவிப் பாருங்கள். முளைகள் விளிம்பு கருகாமல் பசுமையாக நிமிர்ந்தால் தூள் தயார். கருகினால் மறுபடியும் அலசுங்கள். ஒரு வாரம் தாமதம் ஆகட்டும். 60 செடிகளை இழப்பதைவிட அது மேல்.

அடுத்தது பெர்லைட். விளம்பரத் தாள்களில் எல்லாம் ‘நார்த்தூளும் பெர்லைட்டும் கலந்த உயர்ரகக் கலவை’ என்று போட்டிருப்பார்கள். பெர்லைட் என்பது எரிமலைக் குழம்பு குளிர்ந்து உண்டான ஒருவகைக் கண்ணாடிக் கல். அதனுள் சிறிதளவு நீர் சிறைப்பட்டிருக்கும். அக்கல்லைப் பொடித்து 900 பாகை அளவுக்குச் சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பொரிபோல் பொரித்துவிடும். சோளப்பொரி பொரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று, தக்கைபோல் இலேசாக இருக்கும். எதற்காக இதைக் கலக்கிறார்கள்? நார்த்தூள் மட்டும் இருந்தால், ஊறிய துணியைப்போல் நீரைப் பிடித்துக்கொண்டு வேருக்குக் காற்றில்லாமல் செய்துவிடும். பெர்லைட் இடையிடையே சந்து விட்டு, நீரை வடித்து, காற்றைப் புகவிடுகிறது. 7 பங்கு தூளுக்கு 3 பங்கு பெர்லைட் என்பது பலரும் கையாளும் அளவு. நல்ல பொருள்தான், ஐயமில்லை. ஆனால் அது கப்பலில் வரும் பொருள், விலையும் கூடுதல். அதைக் கொட்டும்போது எழும் வெண்தூசி மூச்சில் போகாதபடி முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு அது வேண்டியதில்லை. நம் பாட்டிமார் பல் துலக்கிய உமிக்கரி இருக்கிறதே, அதுவே அந்த வேலையைச் செய்யும். நெல் உமியைச் சாம்பலாக விடாமல், கருக்கிய நிலையில் அணைத்து எடுப்பது உமிக்கரி. இந்நாட்டு விவசாயிகள் பலர் நார்த்தூளோடு இதைத்தான் கலக்கிறார்கள். மலாய்க்காரர்கள் இதனை ‘செக்காம் பாக்கார்’ என்பார்கள். செடி விற்கும் கடைகளில் மூட்டையாகவே கிடைக்கிறது. அளவு அதே ஏழுக்கு மூன்று. நிரப்புமுன் இதையும் ஒருமுறை அலசிவிடுங்கள். அதில் சாம்பலின் காரத்தன்மை சிறிது இருக்கும். வீட்டு வாசலில் நீங்களே உமியைக் கொளுத்தும் எண்ணம் வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. உமிக்கரியும் கிட்டாத இடத்தில் மட்டையைப் பயறு அளவுக்கு வெட்டிய துண்டுகளோ, நொறுக்கிய அடுப்புக்கரியோ கலக்கலாம். கடல் மணலை மட்டும் தொடவே வேண்டாம்.

கலவையை 16 அங்குலப் பையில், ஏறக்குறைய 10 லிட்டர் அளவுக்கு நிரப்புங்கள். அடியிலும் ஓரங்களிலும் துளைகள் இருக்கட்டும். பையைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பை வாங்க இயலாதோர் பழைய சாயத் தகரத்தையோ அரிசிப் பையையோ பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். களைக்கொல்லி வந்த கலன், பூச்சிமருந்து வந்த கலன், எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம். பேரகுவாட் நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், பழைய கலன்கள் லயங்களின் பின்புறத்தில் இன்னும் மழைநீர் பிடிக்க நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உணவுப் பயிருக்கு அவற்றின் அருகிலும் இடமில்லை.

நார்த்தூளில் செடி உண்ணத்தக்க சத்து ஏறத்தாழ இல்லை. எல்லாவற்றையும் உரநீரே தரவேண்டும். கடையில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு பொட்டலங்களாக இது கிடைக்கும். ஏ உரத்தில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச்சத்தும் இருக்கும். பி உரத்தில் மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் சல்பேட், மற்ற நுண்சத்துகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கலனில் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான உரங்களுக்கு 100 லிட்டர் நீரில் ஏ கரைசல் 1 லிட்டரும் பி கரைசல் 1 லிட்டரும் என்பது கணக்கு. முதலில் ஏ கரைசலை நீரில் ஊற்றிக் கலக்கி, பிறகு பி கரைசலை ஊற்றுங்கள்.

“இரண்டையும் முதலிலேயே ஒரே கலனில் கரைத்தால் என்ன?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பாலில் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கெட்டியான ஏ கரைசலும் பி கரைசலும் சந்தித்தாலும் அவ்வாறே வெண்மையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். சுண்ணாம்புச்சத்து கந்தகத்தோடும் மணிச்சத்தோடும் சேர்ந்து கல்லாகிவிடுகிறது. கல்லைச் செடி குடிக்காது. குழாயும் அடைத்துக்கொள்ளும். நிறைய நீரில் நீர்த்தபின் சேர்ந்தால் இத்தொல்லை இல்லை.

ஈசி மீட்டர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. இளங்கன்றுக்கு 1.2 முதல் 1.5 வரை, பூத்துக் காய்க்கும் மிளகாய்க்கு 2 முதல் 2.5 வரை இருக்கலாம். நீரின் புளிப்புத்தன்மை 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் நலம். மேலும் உரம் ஊற்றினால் மேலும் காய்க்கும் என்று எவரும் எண்ண வேண்டாம். என் 60 செடிகளின் கதை நினைவில் இருக்கட்டும்.

இப்பொழுது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பால்மரத்தின் ஆணிவேர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி நிற்கிறது. பல நாள் மழையில்லாவிட்டாலும் அது எங்கிருந்தோ நீரை எடுத்துக்கொள்ளும். பையிலுள்ள மிளகாய்ச் செடிக்கோ உலகமே 10 லிட்டர்தான். மண் பொறுக்கும், பை பொறுக்காது. வெயில் கடுமையான நாளில் காய்க்கும் செடி ஒன்று ஒன்றரை லிட்டர் வரை உரநீர் குடிக்கும். அதையும் ஒரே தடவையில் ஊற்றினால் பாதி வழிந்து ஓடிவிடும். ஐந்தாறு தடவை, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் நேரக் கருவியும் நீரிறைக்கும் இயந்திரமும் அதைச் செய்கின்றன. பத்துப் பைகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு குவளை போதும். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு குவளை, பால் நிறுத்துவிட்டு வந்ததும் ஒரு குவளை, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஒரு குவளை, மாலையில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அடித்துளையில் சிறிது வடியவேண்டும். வடியாவிட்டால் உப்பு உள்ளேயே சேரும். வடிந்த நீரைத் தட்டில் பிடித்து வாழைக்கோ சேரைக்கோ ஊற்றுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

உரநீர்த் தொட்டிக்கு மூடி அவசியம். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். பால் மங்குகளில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு வளர்வதை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்குப் பின்னால் இன்னொரு மங்கை நாமே வைத்துவிடலாகாது. கொசு வளர இடங்கொடுத்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. வடிகால் தட்டையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

மிளகாயைத் தட்டில் விதைத்து நான்கு வாரம் ஆனபின் பைக்கு மாற்றுங்கள். மாற்றிய நாளிலிருந்து இரண்டரை, மூன்று மாதத்தில் முதற்காய் பறிக்கலாம். பின்னர் மூன்று நாளைக்கொருமுறை பறித்துக்கொண்டே இருக்கலாம். நன்றாகப் பேணிய செடி தன் காலத்தில் இரண்டு மூன்று கிலோ எனக்குத் தந்திருக்கிறது. எல்லாச் செடியும் அவ்வாறு தந்தன என்று நான் கூறமாட்டேன். அசுவினியும் வெள்ளை ஈயும் இலைச் சுருட்டு நோயைக் கொண்டுவருகின்றன. மண்ணைவிட்டு விலகியதால் வாடல் நோய் குறையும், ஆனால் பறந்து வருவதற்கு நார்த்தூளும் மண்ணும் ஒன்றுதான். நாள்தோறும் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சுருண்ட செடியை இரக்கப்படாமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மாலை மழை அடித்துப் பெய்தால் பையிலுள்ள உரமெல்லாம் கழுவப்படும். ஆதலால் மேலே தெளிந்த பிளாஸ்டிக் கூரை ஒன்று வேண்டும். நமக்குக் குரங்குத் தொல்லையும் இருக்கிறது. அதற்கு எந்த ஆராய்ச்சிக் கழகமும் இன்னும் வழி சொன்னதாகத் தெரியவில்லை. மிளகாயைக் கடித்த குரங்கு மறுநாளும் வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். சேமநிதிப் பணத்தை ஐந்நூறு பைகளில் போடலாமா? வேண்டாம் என்றேன். மிளகாய் பொய் சொல்லாது, விளம்பரம் சொல்லும். ஐந்நூறு பை என்றால் கூரை, குழாய், இயந்திரம், மின்சாரம், மாதாமாதம் உரம், பறிக்க ஆள் எனச் செலவு நீளும். மின்சாரம் ஒருநாள் பகலெல்லாம் நின்றால், நின்ற இயந்திரத்துக்குப் பதில் ஐந்நூறு பைக்கும் குவளையோடு ஓட யார் இருக்கிறார்கள்? விலையும் நம் கையில் இல்லை. பெருநாள் காலத்தில் ஏறும் மிளகாய் விலை, எல்லோர் வீட்டிலும் காய்க்கும் மாதத்தில் இறங்கிவிடும். விற்பவர் பையையும் உரத்தையும் விற்றதோடு தம் ஆதாயத்தைப் பெற்றுவிடுகிறார். நாம்தான் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியவர்கள். “உங்களிடமிருந்து காயைத் திரும்ப வாங்கிக்கொள்வோம்” என்று வாயால் சொல்பவரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதுவே பதில்.

“அப்படியானால் இது நமக்கு ஆகாத தொழிலா?” என்று அவர் கேட்டார். அப்படியும் சொல்லமாட்டேன். இதிலே வெற்றி கண்டவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறிதாகத் தொடங்கியவர்கள். முதலில் பத்துப் பை வையுங்கள். அதில் ஆறு மிளகாய், இரண்டு கத்தரி, இரண்டு தக்காளி. ஒரு பருவம் முழுதும், நட்டது முதல் பிடுங்கும்வரை, என்ன செலவாயிற்று, எத்தனை கிலோ பறித்தீர்கள் என்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டாம் பருவம் முப்பது பை. பால் வெட்டில் ஒரு மரத்தையும் தவறவிடாமல், பட்டையைக் காயப்படுத்தாமல், மழை பெய்யும் அறிகுறி பார்த்து முந்திக்கொள்ளும் கை உங்களுடைய கை. அந்தக் கைப்பழக்கம் இத்தொழிலுக்கு மூலதனம், அதை எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. மூன்று பருவத்துக்குப் பின் ஆதாயம் வருமென்று உங்கள் சொந்தக் குறிப்புப் புத்தகமே சொன்னால், அப்போது விவசாய இலாகா அதிகாரியிடம் சென்று பயிற்சியைப் பற்றியும் உதவியைப் பற்றியும் கேளுங்கள்.

அவர் பத்துப் பை வைத்தார். இரண்டு செடி சுருண்டு போயிற்று, ஒன்றை மாடு மேய்ந்துவிட்டது. ஏழு செடிகள் நின்று காய்த்தன. மிளகாய் கடையில் வாங்கி நான்கு மாதம் ஆகிறது என்று சென்ற முறை சொன்னார். சேமநிதிப் பணம் அப்படியே இருக்கிறதாம். கணவர்தான் குவளையோடு அலைகிறாராம், பால் வெட்டு நின்றபின் விடியற்காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர்.

நேரமாகிறது. இன்னும் ஒரு கேள்வியைத் தாய்மார் சிலர் என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். பருவம் முடிந்தபின் பையிலுள்ள தூளை என்ன செய்வது? நோய் இல்லாத செடி நின்ற பையானால், வேரை அகற்றி, தூளை நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்று பருவம் வரை பயன்படுத்தலாம். பிறகு அது நைந்து சேறுபோல் ஆகிவிடும். அப்பொழுது வாழை மரத்தடியிலோ தென்னங்கன்றின் பாத்தியிலோ கொட்டிவிடுங்கள். வாடிச் செத்த செடியின் தூளை மட்டும் வேறு எந்தக் காய்கறிச் செடிக்கும் போடாதீர்கள்.

மண்டபத்தின் பின்புறம் நீர்க்குழாய் அருகே இரண்டு கட்டி நார்த்தூளும் ஒரு மூட்டை உமிக்கரியும் வைத்திருக்கிறேன். காலையிலேயே ஊறவைத்துவிட்டேன், இந்நேரம் பொங்கியிருக்கும். முதல் நீரின் நிறத்தை நீங்களே வந்து பாருங்கள். அலசும் முறையைச் செய்து காட்டுகிறேன்.